மடிக்கணினித் திரை மினுங்குகிறதா? பழுது எங்கே என்பதை வீட்டிலேயே கண்டறியும் வழிகள்

பெங்களூரு: இணையவழி நேர்காணலின் நடுவிலோ, தேர்வுக்கு முந்தைய இரவிலோ மடிக்கணினியின் திரை நடுங்கத் தொடங்கினால் பெரும்பாலானோர் எடுக்கும் முடிவு ஒன்றுதான்: 'திரை போய்விட்டது, மாற்ற வேண்டும்'. அந்த முடிவு சில வேளைகளில் சரி. பல வேளைகளில் தவறு. ஒரு ரூபாய்கூடச் செலவின்றிச் சரிசெய்யக்கூடிய மென்பொருள் கோளாறும், திரையையே மாற்ற வேண்டிய வன்பொருள் பழுதும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றுவதுதான் இதற்குக் காரணம்.

பெங்களூருவின் விவேக் நகர் போன்ற பகுதிகளில் இது சிறிய செய்தி அல்ல. ஆஸ்டின் டவுன், எஜிபுரா, கோரமங்களா ஆகிய பகுதிகளை ஒட்டி அமைந்துள்ள இந்தக் குடியிருப்பில் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. இங்குள்ள குழந்தை இயேசு திருத்தலத்துக்கு வியாழக்கிழமைகளில் வரும் பக்தர் கூட்டத்தை நகரமே அறியும். மற்ற நாட்களில் வாடகை வீடுகளிலும் விடுதி அறைகளிலும் மடிக்கணினியே அலுவலகம், அதுவே வகுப்பறை. திரை ஒரு நாள் இயங்காவிட்டால் அன்றைய ஊதியமோ, அன்றைய தேர்வோ கேள்விக்குறியாகிறது. எனவே, கடைப்படி ஏறும் முன் பழுது எந்தப் பகுதியில் உள்ளது என்பதை அறிந்துகொள்வது பணத்தையும் நேரத்தையும் காக்கும்.

படம் திரைக்கு வரும் பாதை

முழு உயர் தெளிவுத்திறன் கொண்ட ஒரு மடிக்கணினித் திரையில் கிடைமட்டமாக 1,920, செங்குத்தாக 1,080 என மொத்தம் 20,73,600 படப்புள்ளிகள் உள்ளன. ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று துணைப்புள்ளிகள். அதாவது, 62 லட்சத்துக்கும் மேற்பட்ட நுண்கூறுகள், சாதாரணத் திரையில் நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுகின்றன.

இந்தப் படம் நான்கு கட்டங்களைக் கடந்து கண்ணை அடைகிறது. முதலாவது, இயங்குதளமும் அதில் திறந்திருக்கும் செயலிகளும். இரண்டாவது, கிராபிக்ஸ் சிப்பும் அதை இயக்கும் 'டிரைவர்' என்னும் மென்பொருளும். மூன்றாவது, மதர்போர்டிலிருந்து மூடியின் கீல் வழியாகத் திரைக்குச் செல்லும் மெல்லிய கேபிள். நான்காவது, திரைப் பலகையும் அதன் பின்னால் ஒளி தரும் எல்.இ.டி. பின்னொளியும். இவற்றில் எது பிசகினாலும் பயனர் காண்பது மினுமினுப்பு, கோடு அல்லது சிதைந்த படம். எந்தக் கட்டத்தில் சங்கிலி அறுந்தது என்று கண்டறிவதே பழுதறிதலின் சாரம்.

முதல் வேலை: கோப்புகளைப் பாதுகாத்தல்

திரை மினுங்குவதால் சேமித்த கோப்புகள் அழிவதில்லை. அவை தனிச் சேமிப்பகத்தில் உள்ளன. ஆனால், மினுங்கும் திரை எப்போது முற்றிலும் இருளும் என்று சொல்ல முடியாது. இருண்டபின் கடவுச்சொல்லை இடுவதற்கே இன்னொரு திரை தேவைப்படும். ஆகவே, திரை ஓரளவு தெரியும்போதே முக்கிய ஆவணங்களை வெளி வட்டிலோ இணையச் சேமிப்பகத்திலோ படியெடுத்து வைப்பது நல்லது. கணினியைப் பழுதுபார்க்கக் கொடுப்பவர்களுக்கும் இது கட்டாயம்.

அடுத்து, மினுமினுப்பு எப்போது வருகிறது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு குறிப்பிட்ட செயலியைத் திறக்கும்போதா, சார்ஜர் இணைத்திருக்கும்போதா, மூடியை அசைக்கும்போதா, கணினி சூடான பிறகா? இந்தக் கேள்விகளுக்கான விடையே பாதி நோயறிதல். மினுங்கும் திரையைக் கைப்பேசியில் காணொளியாகப் பதிவு செய்தால், கடையில் கோளாறு தலைகாட்ட மறுக்கும்போது சான்றாக உதவும். ஆனால், ஒரு எச்சரிக்கை. கைப்பேசிக் கேமரா மட்டும் காட்டும் நகரும் பட்டைகள் பழுதின் அறிகுறி அல்ல. பல திரைகள் பின்னொளியை மிக வேகமாக அணைத்து ஏற்றியே வெளிச்சத்தைக் குறைக்கின்றன. கண்ணுக்குப் புலப்படாத அந்த வேகம் கேமராவில் பட்டையாகப் பதிகிறது.

டாஸ்க் மேனேஜர் சோதனை

விண்டோஸ் கணினிகளுக்கு மைக்ரோசாஃப்ட் நிறுவனம் பரிந்துரைக்கும் முதல் சோதனை எளிமையானது. கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தினால் 'டாஸ்க் மேனேஜர்' சாளரம் திறக்கும். திரையின் மற்ற பகுதிகளோடு அந்தச் சாளரமும் மினுங்குகிறதா என்று பார்க்க வேண்டும்.

மற்ற அனைத்தும் மினுங்க, டாஸ்க் மேனேஜர் மட்டும் அசையாமல் நின்றால் ஏதோ ஒரு செயலி இயங்குதளத்தோடு ஒத்துப்போகவில்லை என்று பொருள். அண்மையில் நிறுவிய செயலிகளைப் புதுப்பித்தோ நீக்கியோ பார்க்கலாம். டாஸ்க் மேனேஜரும் சேர்ந்து மினுங்கினால் சந்தேகம் கிராபிக்ஸ் டிரைவர் மீது திரும்புகிறது. ஆனால், திரையோ கேபிளோ பழுதாக இருந்தாலும் அந்தச் சாளரம் மினுங்கவே செய்யும். எனவே, இந்தச் சோதனையோடு நிறுத்திக்கொண்டு முடிவுக்கு வரக் கூடாது.

வன்பொருளா, மென்பொருளா?

இதைப் பிரித்தறிய ஐந்து சோதனைகள் உள்ளன. எதற்கும் கணினியைத் திறக்க வேண்டியதில்லை.

1. பயாஸ் சோதனை: கணினியை இயக்கியவுடன் உரிய விசையை அழுத்தினால் பயாஸ் எனப்படும் அடிப்படை அமைப்புத் திரை வரும். நிறுவனத்துக்கு நிறுவனம் இந்த விசை மாறும். எஃப்2, எஃப்10, டெலிட் ஆகியவை பரவலாக உள்ளவை. அந்நேரத்தில் விண்டோஸும் அதன் கிராபிக்ஸ் டிரைவரும் இன்னும் ஏற்றப்படவில்லை. அங்கும் திரை மினுங்கினால் விண்டோஸைக் குறைசொல்ல இயலாது. பழுது பெரும்பாலும் வன்பொருளில்தான். பத்து நிமிடங்கள் வரை அசையாமல் நின்று, விண்டோஸ் திறந்ததும் மினுங்கத் தொடங்கினால் மென்பொருளை முதலில் சந்தேகிக்கலாம்.

2. வெளித்திரைச் சோதனை: எச்.டி.எம்.ஐ. கேபிள் வழியாகத் தொலைக்காட்சியையோ வேறு மானிட்டரையோ இணைக்க வேண்டும். வெளித்திரையில் படம் தெளிவாகவும் மடிக்கணினியில் மட்டும் சிதைந்தும் இருந்தால் திரைப் பலகை, கேபிள், அல்லது உட்திரைக்கே உரிய மின்சேமிப்பு அமைப்பு ஆகியவற்றில் ஒன்றே காரணம். இரண்டிலும் ஒரே சிதைவு தெரிந்தால் டிரைவர், கிராபிக்ஸ் சிப், நினைவகம் ஆகியவற்றை ஆராய வேண்டும். தனிக் கிராபிக்ஸ் சிப் இல்லாத கணினிகளில் படம் முதன்மை நினைவகத்திலேயே உருவாவதால், பழுதான ரேம் பலகையும் திரையில் சிதைவைக் காட்டக்கூடும்.

3. திரைப்பிடிப்புச் சோதனை: சிதைவு தெரியும்போதே விண்டோஸ் விசையையும் பிரின்ட் ஸ்கிரீன் விசையையும் அழுத்தித் திரைப்படத்தைச் சேமித்து, அதைக் கைப்பேசியில் திறந்து பார்க்க வேண்டும். அதிலும் கோடுகள் இருந்தால் படம் உருவாகும்போதே கெட்டிருக்கிறது. அதில் இல்லையென்றால், படம் சரியாக உருவாகி, திரைக்குச் செல்லும் வழியிலோ திரையிலோ கெடுகிறது என்று கருதலாம்.

4. கீல் சோதனை: மூடியை மெதுவாக முன்னும் பின்னும் சாய்த்துப் பார்க்க வேண்டும். ஒரு குறிப்பிட்ட கோணத்தில் மட்டும் மினுங்கினாலோ, அசைக்கும்போது படம் வந்து வந்து மறைந்தாலோ கீல் வழியாகச் செல்லும் கேபிள் நைந்திருக்கலாம், அல்லது அதன் இணைப்பு தளர்ந்திருக்கலாம். திரையின் மீது விரலால் அழுத்திச் சோதிப்பது கூடாது. அது இல்லாத பழுதை உண்டாக்கிவிடும்.

5. உள்ளமைந்த சோதனை: சில நிறுவனங்கள் திரையைத் தானே சோதிக்கும் வசதியைத் தருகின்றன. டெல் மடிக்கணினிகளில் டி என்ற எழுத்து விசையை அழுத்தியபடி கணினியை இயக்கினால், திரை முழுவதும் ஒன்றன்பின் ஒன்றாக வண்ணங்கள் தோன்றும். அவ்வண்ணங்களிலேயே கோடுகளோ கறைகளோ தெரிந்தால் பழுது திரைப் பகுதியில் உள்ளது.

மென்பொருள் என்றால் செய்ய வேண்டியவை

விண்டோஸ் விசை, கண்ட்ரோல், ஷிப்ட், பி ஆகிய நான்கையும் சேர்த்து அழுத்தினால் கிராபிக்ஸ் டிரைவர் மட்டும் மறுபடி தொடங்கும். திரை ஒரு கணம் இருண்டு திரும்பும். திறந்திருக்கும் கோப்புகள் மூடப்படுவதில்லை. நேர்காணலின் நடுவே கைகொடுக்கும் முதலுதவி இதுவே.

நிலையான தீர்வுக்கு டிவைஸ் மேனேஜரைத் திறந்து, அதில் 'டிஸ்ப்ளே அடாப்டர்ஸ்' பகுதிக்குச் செல்ல வேண்டும். அண்மைப் புதுப்பிப்புக்குப் பிறகு கோளாறு தொடங்கியிருந்தால் 'ரோல் பேக் டிரைவர்' என்ற தெரிவின் மூலம் முந்தைய பதிப்புக்குத் திரும்பலாம். அது பயன்தராவிட்டால் டிரைவரை நீக்கிவிட்டு, மடிக்கணினியைத் தயாரித்த நிறுவனத்தின் இணையதளத்தில் அந்த மாதிரிக்கென வெளியிடப்பட்ட டிரைவரைப் பதிவிறக்கி நிறுவ வேண்டும். தேடலில் கிடைக்கும் 'டிரைவர் அப்டேட்டர்' செயலிகளைத் தவிர்ப்பது பாதுகாப்பானது.

அமைப்புகள் பக்கத்தில் மூன்று இடங்களைச் சரிபார்க்கலாம். ஒன்று, திரையின் புதுப்பிப்பு வேகம். 120 அல்லது 144 ஹெர்ட்ஸ் திரைகளில் வேகத்தை 60 ஹெர்ட்ஸாகக் குறைத்தவுடன் மினுமினுப்பு நின்றால் காரணம் தெரிந்துவிட்டது. இரண்டு, படத்தின் உள்ளடக்கத்துக்கு ஏற்ப வெளிச்சத்தை மாற்றும் வசதி. இருண்ட காட்சியிலிருந்து வெண்பக்கத்துக்கு மாறும்போது வெளிச்சம் ஏறி இறங்குவதைப் பலர் பழுது என்றே எண்ணுகின்றனர். மூன்று, அசையாத படத்தைத் திரையே நினைவில் வைத்துக்கொண்டு கிராபிக்ஸ் சிப்பை ஓய்வெடுக்கவிடும் 'பேனல் செல்ஃப் ரிஃப்ரெஷ்' என்னும் மின்சேமிப்பு முறை. பேட்டரியில் இயங்கும்போது மட்டும் திரை துடித்தால், இன்டெல் கிராபிக்ஸ் உள்ள கணினிகளில் அந்நிறுவனத்தின் கட்டுப்பாட்டுச் செயலியில் இதனை அணைத்துப் பார்க்கலாம்.

உலாவியில் மட்டும் சிதைவு தெரிந்தால் அதன் அமைப்பில் உள்ள 'ஹார்டுவேர் ஆக்சிலரேஷன்' தெரிவை நிறுத்திப் பார்ப்பதே போதுமானது.

வன்பொருள் சொல்லும் அடையாளங்கள்

திரையின் மேலிருந்து கீழ்வரை அசையாமல் நிற்கும் மெல்லிய செங்குத்துக் கோடு, பெரும்பாலும் திரைப் பலகையின் விளிம்பிலுள்ள நுண்ணிணைப்பு விடுபட்டதன் விளைவு. இதற்கு மென்பொருள் தீர்வு இல்லை. மைத்துளிபோல் பரவும் கறுப்புக் கறை, திரைக்கு அழுத்தமோ அடியோ பட்டதைக் காட்டுகிறது. நெரிசலான பேருந்திலும், மேடுபள்ளமான சாலையில் இருசக்கர வாகனத்திலும் முதுகுப்பையில் சார்ஜரோடு சேர்த்துத் திணிக்கப்படும் மடிக்கணினிகளுக்கு இந்த ஆபத்து அதிகம்.

திரை முற்றிலும் இருண்டிருக்க, கணினி இயங்கும் ஓசை மட்டும் கேட்கிறதா? இருட்டறையில் கைப்பேசி விளக்கைத் திரையின் மீது சாய்வாகப் பாய்ச்சிப் பார்க்க வேண்டும். படம் மங்கலாகத் தெரிந்தால் படம் உருவாகிறது, பின்னொளி மட்டும் எரியவில்லை என்று பொருள். பின்னொளிக்கு மின்சாரம் தரும் சிறு உருகியோ கேபிளோ காரணமாக இருக்கலாம். முழுத் திரையையும் மாற்றும் முன் இதைச் சோதிக்கும்படி பழுதுபார்ப்பவரிடம் கேட்கலாம்.

சார்ஜர் இணைத்தால் மட்டும் மினுங்கினால், வேறு மின்செருகியில், முடிந்தால் அதே திறன் கொண்ட வேறு அசல் சார்ஜருடன் இணைத்துப் பார்க்க வேண்டும். நில இணைப்பு இல்லாத பழைய வீடுகளின் செருகிகளும் தரமற்ற மாற்று சார்ஜர்களும் இதற்குக் காரணமாகலாம். விளையாட்டு அல்லது காணொளித் தொகுப்பின்போது மட்டும் வண்ணக் கட்டங்கள் தோன்றினால், வெப்பம் வெளியேறும் துளைகளில் தூசி அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஒரு அடையாளத்தை மட்டும் ஒருநாளும் தள்ளிப்போடக் கூடாது. டச்பேட் மேலெழுந்திருந்தாலோ, அடிப்பாகம் உப்பியிருந்தாலோ, மூடி சரியாகப் பொருந்தாவிட்டாலோ உள்ளே பேட்டரி வீங்கியிருக்கலாம். வீங்கிய லித்தியம் பேட்டரி தீப்பற்றும் ஆபத்து கொண்டது. உடனே கணினியை அணைத்து, சார்ஜரைக் கழற்றி, தேர்ந்த பழுதுபார்ப்பவரிடம் ஒப்படைக்க வேண்டும்.

உற்பத்திக் குறையாகவும் இருக்கலாம்

திரைக் கோளாறு எப்போதும் பயனரின் தவறு அல்ல. 2008 ஜூலையில் என்விடியா நிறுவனம், தனது சில மடிக்கணினி கிராபிக்ஸ் சிப்புகளின் கட்டமைப்புப் பொருளில் இருந்த குறைபாட்டால் வழக்கத்துக்கு மாறாகப் பழுதுகள் ஏற்படுவதை ஒப்புக்கொண்டு, 15 கோடி முதல் 20 கோடி டாலர் வரை அதற்காக ஒதுக்குவதாக அறிவித்தது. அந்தச் சிப்புகள் பல முன்னணி நிறுவனங்களின் மடிக்கணினிகளில் இடம்பெற்றிருந்தன.

2015 பிப்ரவரியில் ஆப்பிள் நிறுவனம், 2011 பிப்ரவரி முதல் 2013 டிசம்பர் வரை விற்பனையான குறிப்பிட்ட மேக்புக் ப்ரோ மாதிரிகளில் சிதைந்த படம் தோன்றும் கோளாறைக் கட்டணமின்றிச் சரிசெய்யும் திட்டத்தை அறிவித்தது. 2019 மே மாதம் மற்றொரு திட்டம் வந்தது. 2016-ஆம் ஆண்டின் 13 அங்குல மேக்புக் ப்ரோவில், திரையின் அடிப்பகுதி நெடுக மேடை விளக்குகள்போல் வெளிச்சத் திட்டுகள் தோன்றுவதோ, பின்னொளி முற்றிலும் நின்றுபோவதோ நிகழ்ந்தால் இலவசமாகச் சரிசெய்யப்படும் என்பதே அது.

மூடியைத் திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் மெல்லிய கேபிள் ஒன்று வளைந்து தேய்ந்ததே காரணம் என்று ஐஃபிக்ஸிட் என்னும் பழுதுபார்ப்பு வழிகாட்டி அமைப்பு சுட்டிக்காட்டியது. அந்தக் கேபிள் திரையோடு ஒன்றாக இணைக்கப்பட்டிருந்ததால், சிறு கேபிளுக்காக முழுத் திரைத் தொகுதியையும் மாற்ற வேண்டியிருந்தது. 2018 மாதிரியில் அந்தக் கேபிள் 2 மில்லிமீட்டர் நீளமாக்கப்பட்டிருந்ததையும் அந்த அமைப்பு கண்டறிந்தது. 

இவற்றிலிருந்து பெறும் பாடம் எளிது. உத்தரவாதக் காலம் முடிந்திருந்தாலும், பணம் செலுத்தும் முன் கணினியின் வரிசை எண்ணைக் கொண்டு தயாரிப்பு நிறுவனத்தின் இணையதளத்தில் இத்தகைய சேவைத் திட்டம் ஏதேனும் உள்ளதா என்று பார்க்க வேண்டும்.

கடையில் கேட்க வேண்டியவை

பெங்களூருவில் கணினி உதிரிபாகங்களுக்குப் பெயர்பெற்றது எஸ்.பி. சாலை. அங்கே சென்றாலும், தெருமுனைக் கடையில் கொடுத்தாலும் சில முன்னெச்சரிக்கைகள் பொதுவானவை.

பயாஸ், வெளித்திரைச் சோதனைகளின் முடிவை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். எந்தப் பாகம் மாற்றப்படுகிறது, அது அசலா மாற்றுத் தயாரிப்பா, எத்தனை மாத உத்தரவாதம், மொத்தச் செலவு எவ்வளவு என்பவற்றை எழுத்தில் பெற வேண்டும். திரைப் பலகையின் பின்புறம் அதன் மாதிரி எண் அச்சிடப்பட்டிருக்கும். கேபிள் இணைப்பியில் 30 ஊசிகளா, 40 ஊசிகளா என்பதும் திரைக்குத் திரை மாறும். அளவு ஒன்றாக இருப்பதாலேயே ஒரு திரை மற்றொன்றுக்குப் பொருந்திவிடாது. கழற்றிய பழைய பாகத்தைத் திருப்பிக் கேட்பதில் கூச்சம் தேவையில்லை. கடவுச்சொல் இல்லாமலேயே திரையைச் சோதிக்க முடியும் என்பதால் அதைக் கடையில் தர வேண்டிய அவசியமும் இல்லை. ஜி.எஸ்.டி. ரசீது கட்டாயம்.

பழுதுபார்ப்பைப் பயனரின் உரிமையாக்கும் நோக்கில், மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் ஒரு குழுவை அமைத்தது. அதே ஆண்டு டிசம்பர் 24 அன்று, தேசிய நுகர்வோர் தினத்தில், இதற்கான இணையதளம் தொடங்கப்பட்டது. பழுதுபார்ப்பு, உத்தரவாதம், உதிரிபாகங்கள் குறித்த நிறுவனங்களின் விவரங்களை ஓரிடத்தில் திரட்டுவது இதன் நோக்கம்.

உத்தரவாதம் இருந்தும் மறுக்கப்பட்டாலோ, மாற்றாத பாகத்துக்குக் கட்டணம் பெறப்பட்டாலோ, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்துப் புகார் அளிக்கலாம். அங்கே தீர்வு கிடைக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். பொருளுக்கோ சேவைக்கோ செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் வழக்குக் கட்டணம் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் அளிக்க வேண்டும். ரசீதும், எழுத்தில் பெற்ற மதிப்பீடும், கைப்பேசியில் பதிவு செய்த காணொளியும் அப்போது சான்றுகளாகும்.

பழைய திரையை என்ன செய்வது?

மாற்றிய திரையைக் குப்பையோடு போடக் கூடாது. எல்.இ.டி. பின்னொளி பரவலாவதற்கு முன் வந்த மடிக்கணினித் திரைகளில் பாதரசம் கொண்ட மெல்லிய குழல் விளக்குகளே பயன்பட்டன. அவை உடைந்தால் பாதரசம் வெளியேறும். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள், இத்தகைய கழிவுகளை மறுசுழற்சி செய்யும் பொறுப்பைத் தயாரிப்பாளர்கள் மீது சுமத்துகின்றன. பதிவுபெற்ற சேகரிப்பு மையத்தில் ஒப்படைப்பதே முறையானது.

வராமல் காக்கும் வழி

மூடியை ஒரு மூலையைப் பிடித்துத் திறக்காமல் நடுவில் பிடித்துத் திறந்தால் கீலும் கேபிளும் நீண்ட நாள் உழைக்கும். மூடும் முன் விசைப்பலகை மீது பேனாவோ இயர்போனோ கிடக்கிறதா என்று ஒருமுறை பார்ப்பது நல்லது. திரையில் திரவத்தை நேரடியாகத் தெளிக்காமல், சற்றே ஈரமான மென்துணியால் துடைக்க வேண்டும். மழையில் நனைந்த பையிலிருந்து எடுத்த கணினியை ஈரம் முற்றிலும் உலரும் முன் இயக்கக் கூடாது.

கோப்புகளைப் படியெடுத்தல், டாஸ்க் மேனேஜர், பயாஸ், வெளித்திரை, கீல் என்ற வரிசையில் அனைத்துச் சோதனைகளையும் முடிக்க அரை மணி நேரம் போதும். அதன் பிறகும் கடைக்குச் செல்ல நேரலாம். ஆனால், அப்போது 'என்ன பழுது?' என்று கேட்பவராக அல்லாமல், 'இன்ன இடத்தில் பழுது' என்று சொல்பவராகச் செல்லலாம். விலை பேசும்போது அந்த வேறுபாடு தெரியும்.